வெட்டினதை எங்க வெச்சே?

போன மாசம் இதழ் டீம்ல இருந்து எனக்கு ஒரு மெசேஜ். "அண்ணா, சினிமா பத்தி ஒரு கட்டுரை வேணும். விமர்சனம் வேணாம், ஜூனியர்ஸ் ஏதாவது கத்துக்கிற மாதிரி பாடமா குடுங்க." ஃபைனல் இயர் வந்துட்டாலே நம்மகிட்ட கத்துக்க ஏதோ இருக்குன்னு எல்லாரும் நம்பிடறாங்க. நான் பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். ற, ர எங்கயாவது மாறியிருந்தா பொறுத்துக்கோங்க.

பாடம் இதுதான். ஒரு டைரக்டர் எடுத்த படத்துல, காசு போட்ட ஸ்டூடியோ கை வெச்சா என்ன ஆகுது? இதைப் பத்தி பேச எனக்கு ஒரு தகுதி இருக்கு. நானே ஒரு படத்துல கை வெச்சு கெடுத்திருக்கேன். அந்தக் கதை பின்னால வரும். முதல்ல பெரியவங்க கதையைப் பார்ப்போம்.

அதுக்கும் முன்னாடி ஒரு சின்னக் கணக்கு. எங்க ஆரம்பிச்சாலும் கணக்குல போய் நிக்கிறது நம்ம பழக்கம்தானே. 35 எம்.எம். பிலிம்ல ஒரு அடிக்கு 16 ஃபிரேம். பேசும் படம் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். அப்போ விநாடிக்கு ஒன்றரை அடி, நிமிஷத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் ஒண்ணு சுமார் 11 நிமிஷம் ஓடும். இரண்டாம் உலகப் போர் சமயத்துல பிலிம் தட்டுப்பாடுனால, நம்ம நாட்டுல ஒரு படம் 11,000 அடிக்கு மேல போகக் கூடாதுன்னு சர்க்கார் வரம்பு போட்டாங்க. வகுத்துப் பாருங்க, 122 நிமிஷம். இந்த 90-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழே தேவைப்படும்.

இப்போ ஆர்சன் வெல்ஸ். 1941-ல 'சிட்டிசன் கேன்' எடுத்தப்போ அவருக்கு வயசு 25, 26 தான். நம்ம சீனியர் பேட்ச் வயசு. அந்தப் படத்துக்கு ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ கடைசி எடிட் உரிமையை அவர்கிட்டயே விட்டிருந்தாங்க. அடுத்த படம் 'தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்'. மோட்டார் கார் வந்ததும் ஊர்ல பெரிய வீடு ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா சரியற கதை. இந்தத் தடவை ஒப்பந்தத்துல அந்த உரிமை அவர் கையில இல்லை. ஷூட்டிங் முடிஞ்ச கையோட வேற ஒரு படத்துக்காக பிரேசில் போயிட்டார்.

1942 மார்ச் 17-ஆம் தேதி, கலிஃபோர்னியாவுல பொமோனாங்கிற ஊர்ல பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. அதுக்கு முன்னாடி அதே தியேட்டர்ல ஓடினது ஆட்டம் பாட்டு நிறைஞ்ச ஒரு ஜாலி படம். அந்த மூட்ல உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு ஒரு குடும்பம் அழியற கதையைக் காட்டினா எப்படி இருக்கும்? சிரிச்சிருக்காங்க, பாதியில எழுந்து போயிருக்காங்க. ரெண்டு நாள் கழிச்சு பாசடீனாவுல காட்டினப்போ வரவேற்பு பரவாயில்லை. ஆனா ஸ்டூடியோ அதுக்குள்ள பயந்து போச்சு. வெல்ஸ் பிரேசில்ல இருந்து தந்தி மேல தந்தி அடிச்சார். இங்க வெட்டு தொடர்ந்து நடந்தது. 131 நிமிஷம் இருந்த படம் 88 நிமிஷமா வெளிவந்தது. 43 நிமிஷம், 90-ஆல பெருக்கினா 3,870 அடி. கிட்டத்தட்ட நாலு ரீல்.

வெட்டினதோட விடலை. முடிவையும் மாத்தி எடுத்தாங்க. அசிஸ்டெண்ட் டைரக்டரை வெச்சு ஆஸ்பத்திரி நடையில ஒரு காட்சி எடுத்து, எல்லாம் நல்லபடியா முடிஞ்ச மாதிரி ஒட்டினாங்க. படம் கிடைச்சா கடைசி மூணு நிமிஷத்தை மட்டும் ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்க. வெளிச்சம் வேற, இசை வேற. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தன் இசையையும் வெட்டிட்டாங்கன்னு கோபப்பட்டு, டைட்டில்ல என் பேரே வேணாம்னு எடுக்க வெச்சுட்டார். அதே படத்துல நடுவுல ஒரு அடுப்படிக் காட்சி தப்பிச்சிருக்கு. ஒரு பையன் உட்கார்ந்து கேக் சாப்பிடறான், அத்தை பக்கத்துல இருந்து பேச்சுக் கொடுக்கிறா. கேமரா சும்மா பார்த்துக்கிட்டே இருக்கு, வெட்டே கிடையாது. இந்த ரெண்டையும் அடுத்தடுத்துப் பாருங்க. அந்தப் படம் முழுசா எப்படி இருந்திருக்கும்னு கொஞ்சம் தெரியும்.

கொஞ்சம்தான் தெரியும். ஏன்னா வெட்டின நெகட்டிவ், கிடங்குல இடம் அடைக்குதுன்னு பின்னாடி அழிச்சுட்டாங்க. நான் இந்தக் கதையை முதல்ல படிச்சப்போ வெட்டினது எனக்குப் பெருசா படலை. அழிச்சாங்க பாருங்க, அதுதான் உறுத்திச்சு. ஏன் உறுத்திச்சுன்னும் பின்னால சொல்றேன்.

ஜப்பான்லயும் இதே கதை உண்டு. 'ராஷோமோன்' எடுத்த அகிரா குரோசாவா, அடுத்ததா 1951-ல 'தி இடியட்' எடுத்தார். 265 நிமிஷப் படம். ஷோசிக்கு ஸ்டூடியோ அதை 166 நிமிஷமா குறைச்சுட்டாங்க. குறைக்கணும்னா பிலிமை நீளவாக்குல வெட்டிக்கோங்கன்னு அவர் கத்தினதா சொல்லுவாங்க. இந்த 'ராஷோமோன்' பேரை ஓரமா எழுதி வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இப்போ நம்ம பக்கம் வருவோம்.

நான் முத்துப்பேட்டை. எங்க ஊர் ஸ்டேஷன்ல ரயில் ஏறி பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கின்னு போனா அதே லைன்ல காரைக்குடி. ஏவி. மெய்யப்பச் செட்டியார் ஊர். அவரோட ஏவி.எம். ஸ்டூடியோ மெட்ராஸுக்குப் போறதுக்கு முன்னாடி காரைக்குடியிலதான் கொட்டகை போட்டு நடந்தது. 1947-ல வந்த 'நாம் இருவர்' அங்க எடுத்த படம். இந்த லைன்ல எத்தனையோ தடவை போயிருக்கேன், இந்தப் பாடத்துக்குப் படிக்கிற வரைக்கும் எனக்கு இது தெரியாது.

செட்டியார் வேலை செஞ்ச விதத்தைப் படிச்சா ஹாலிவுட் ஸ்டூடியோ முதலாளி ஞாபகம் வரும். ஆனா ஒரு வித்தியாசம். ஹாலிவுட்ல வெட்டினாங்க. இவர் பெரும்பாலும் திரும்ப எடுக்க வெச்சார்.

1945-ல 'ஸ்ரீ வள்ளி'. டி.ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. அப்போ யார் நடிக்கிறாங்களோ அவங்களே பாடறதுதான் வழக்கம். படம் எடுத்து முடிச்ச பிறகு, ருக்மிணி பாடினது செட்டியாருக்குத் திருப்தியா இல்லை. பி.ஏ. பெரியநாயகியைக் கூட்டிட்டு வந்து வள்ளியோட பாட்டுக்களைத் திரும்பப் பாட வெச்சு, படத்துல சேர்த்துட்டார். இதுல இருக்கிற சிரமத்தை யோசிச்சுப் பாருங்க. பின்னணி பாடறதுன்னா வழக்கமா பாட்டை முதல்ல பதிவு பண்ணி, அதை ஓட விட்டு வாயசைப்பாங்க. இங்க வாய் ஏற்கனவே அசைஞ்சு முடிஞ்சாச்சு. அசைஞ்ச உதட்டுக்கு ஏத்த மாதிரி இன்னொருத்தர் பாடணும். டைம்லைன்ல இழுத்துப் பொருத்தற வசதியெல்லாம் இல்லாத காலம். இன்ஜினியரா எனக்கு இதுல ஆச்சரியம்தான். ஆனா ருக்மிணி இடத்துல இருந்து பார்த்தா? திரையில முகம் அவங்களோடது, குரல் வேற ஒருத்தரோடது.

1952, 'பராசக்தி'. இது உங்களுக்குத் தெரிஞ்ச கதையா இருக்கும், சுருக்கமா சொல்லிடறேன். வேலூர் பி.ஏ. பெருமாள் முதலியாரோட நேஷனல் பிக்சர்ஸும் ஏவி.எம்-மும் சேர்ந்து எடுத்த படம். டைரக்‌ஷன் கிருஷ்ணன் - பஞ்சு. வசனம் நம்ம டெல்டாக்காரர், திருக்குவளை மு. கருணாநிதி. ஹீரோவா நாடகத்துல இருந்து ஒரு ஒல்லிப் பையனைப் பெருமாள் கூட்டிட்டு வந்தார், மாசம் 250 ரூபாய் சம்பளம். கொஞ்சம் எடுத்துப் பார்த்த செட்டியார், இந்தப் பையன் வேணாம், கே.ஆர். ராமசாமியைப் போடலாம்னார். பெருமாள் அசையவே இல்லை. பையன் அப்படியே நடிச்சு முடிச்சான். முடிக்கிறதுக்குள்ள உடம்பு கொஞ்சம் பூசின மாதிரி ஆயிடுச்சு. அதனால ஆரம்பத்துல எடுத்த காட்சிகளைச் செட்டியார் திரும்ப எடுக்க வெச்சார். அந்தப் பையன் யாருன்னு சொல்லத் தேவையில்லை. கடைசி வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் பெருமாள் வீட்டுக்குப் போய்ச் சீர் வெச்சுட்டு வந்தவர் சிவாஜி. ஸ்டூடியோ கை வெச்ச இடம் தெரியுதான்னு நான் ரெண்டு தடவை படத்தைப் பார்த்தேன். ஒட்டின தையல் என் கண்ணுக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.

1960-ல 'களத்தூர் கண்ணம்மா', கமல்ஹாசன் குழந்தையா அறிமுகமான படம். அதை ஆரம்பிச்ச டைரக்டர் டி. பிரகாஷ் ராவ். செட்டியாரோட ஒத்துப்போகாம பாதியில விலகிட்டார். ஏ. பீம்சிங் வந்து முடிச்சார். இன்னைக்கு நாம பார்க்கிறப்போ ரெண்டு கை வேலைன்னு யாரும் யோசிக்கிறதில்லை.

இதெல்லாம் முன்னுரை. நான் சொல்ல வந்த படம் 'அந்த நாள்'.

எஸ். பாலசந்தர்னா வீணை பாலசந்தர்தான். வீணையில பெரிய மேதை. 'ராஷோமோன்' பார்த்து அசந்து போய், ஒரு கொலை, ஆளுக்கு ஒரு கோணம்னு ஒரு கதையை ஏவி.எம்-முக்குக் கொண்டு வந்தார். திரைக்கதை ஜாவர் சீதாராமன். படத்துல துப்பறியும் அதிகாரியா வர்றவரும் அவரே. 1943-ல ஜப்பான் விமானம் மெட்ராஸ்ல குண்டு போட்ட சமயத்துல நடக்கிற கதை. செத்துப் போறவர் ஒரு ரேடியோ இன்ஜினியர். ஈ.சி.இ. பசங்க கவனிக்கவும், நம்ம டிபார்ட்மெண்ட் ஆள் ஒருத்தர் தமிழ் சினிமாவுல முக்கியமான பாத்திரமா வந்தா அவரை முதல் காட்சியிலயே சுட்டுடறாங்க. கொன்னது யாருன்னு சொல்ல மாட்டேன். 70 வருஷம் ஆனாலும் சஸ்பென்ஸ் சஸ்பென்ஸ்தான்.

அந்த ரேடியோ இன்ஜினியரா முதல்ல நடிச்சவர் எஸ்.வி. சகஸ்ரநாமம். வயசு கூடத் தெரியுதுன்னு அவரை மாத்தினாங்க. அடுத்து கல்கத்தாவுல பேராசிரியரா இருந்த என். விஸ்வநாதன். அதுவும் செட்டியாருக்குச் சரியாப் படலை. எடுத்ததை ஒதுக்கிட்டு, மூணாவதா சிவாஜி கணேசனை வெச்சுத் திரும்ப எடுத்தாங்க. 'பராசக்தி'யில கோர்ட்ல ஜட்ஜா உட்கார்ந்து சிவாஜியோட வசனத்தைக் கேட்கிற அண்ணன் யாருன்னு பாருங்க, அதே சகஸ்ரநாமம். ரெண்டு வருஷத்துல அண்ணன் நடிச்ச வேஷம் தம்பிக்குப் போச்சு. விஸ்வநாதனை உங்களுக்குத் தெரியாதுன்னு நினைப்பீங்க. 'மூன்று முடிச்சு'ல ரஜினிக்கு அப்பாவா வர்றவர், கல்கத்தா விஸ்வநாதன். சத்யஜித் ராயோட 'காஞ்சன்ஜங்கா'விலயும் இருக்கார். நடிக்கத் தெரியாதவர்னு ஒதுக்கின ஆள் இல்லைங்கிறதுக்காகச் சொல்றேன்.

அப்போ பாலசந்தருக்கு வயசு 27. ஆம்பர்சன்ஸ் வெட்டுப்பட்டப்போ வெல்ஸுக்கு 26. ரெண்டு பேருக்கும் மேல ஒரு பெரிய ஸ்டூடியோ. ரெண்டு பேரும் எடுத்ததை மேல இருந்தவங்க மாத்தினாங்க. ஆனா ஒரு படம் நொண்டிப் போச்சு, இன்னொண்ணு நிமிர்ந்து நின்னுச்சு. ஏன்?

அதிர்ஷ்டம்னு சொல்லிடலாம், சிவாஜி கிடைச்சாரே. நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் படத்தை மறுபடி பார்த்தப்போ வேற ஒண்ணு தோணுச்சு. 'அந்த நாள்'ல ஒரு பாட்டு கூடக் கிடையாது. டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது. 1954-ல தமிழ்ப் படத்துக்குப் பாட்டு இல்லைன்னா இலையில சோறே போடாம விருந்து வைக்கிற மாதிரி. பாட்டாலயே கம்பெனி நடத்தினவர் செட்டியார். 'ஸ்ரீ வள்ளி'யில பாட்டுக்காகக் குரலையே மாத்தினவர். டைரக்டரோ வீணைக் கலைஞர். ரெண்டு பேர்ல யார் நினைச்சிருந்தாலும் ஒரு சோகப் பாட்டையாவது நுழைச்சிருக்கலாம். ரெண்டு ஹீரோவைத் தூக்கிப் போட்ட அதே முதலாளி, இந்தப் பாட்டு இல்லாத எலும்புக்கூட்டை மட்டும் தொடவே இல்லை.

1954 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி வெளியாச்சு. பாட்டு இல்லாத படமான்னு ஜனங்க முகம் சுளிச்சாங்க, முதல் ஓட்டத்துல படம் போகலை. தேசிய விருதுல தகுதிச் சான்றிதழ் கிடைச்சது. இன்னைக்குத் தமிழ்ல மறக்கக் கூடாத படம்னு யார் பட்டியல் போட்டாலும் அதுல இருக்கும்.

ஸ்டூடியோ தலையிட்டுச்சான்னு கேட்கிறது பாதிக் கேள்விதான். எதைத் தொட்டாங்க, எதை விட்டாங்க? ஆம்பர்சன்ஸ்ல தொட்டது முதுகெலும்பை. ஒரு வீடு மெதுவா அழியறதுதான் கதை, அந்த மெதுவையே வெட்டிட்டாங்க. 'அந்த நாள்'ல முகம் மாறிச்சு, முதுகெலும்பு நின்னுச்சு. செட்டியார் பக்கம் நான் முழுசா சாயறேன்னு நினைக்காதீங்க. விஸ்வநாதன் நடிச்ச 'அந்த நாள்' எப்படி இருந்ததுன்னு பார்க்க நமக்கு வழியில்லை. ஒரு பேராசிரியர் முகத்துல அந்தக் கதாபாத்திரம் இன்னும் பயங்கரமா கூட இருந்திருக்கலாம். செட்டியார் சொன்னது சரிதான்னு நாம சொல்றோம், ஏன்னா அவர் வெச்சது மட்டும்தான் நம்ம முன்னாடி இருக்கு.

சரி, என் கதை.

மூணாவது வருஷம், வேற ஒரு கல்லூரி விழாவுல குறும்படப் போட்டி. பத்து நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. என் நண்பன் டைரக்டர், நான் எடிட்டர். ரெண்டு பேரும் ஒரே ஊர். அவனோட தாத்தா சின்ன வயசுல டூரிங் டாக்கீஸ்ல ரீல் சுத்துற பையனா சேர்ந்து, அப்புறம் எங்க பக்கத்துத் தியேட்டர் ஒண்ணுல 30 வருஷத்துக்கு மேல ஆபரேட்டரா இருந்தவர். தியேட்டர் மூடிப் பல வருஷம் ஆச்சு. இடிச்சுக் கல்யாண மண்டபம் கட்டப் போறாங்கன்னு தெரிஞ்சதும் ஓனர்கிட்ட கேட்டு ஒரு நாள் உள்ள போய் எடுத்தோம். தாத்தா அந்தப் பழைய கட்டடத்துக்குள்ள நடக்கிறார், அவ்வளவுதான் படம்.

அதுல ஒரு ஷாட். ஆபரேட்டர் ரூம்ல தாத்தா நிக்கிறார். படம் திரைக்குப் போற அந்தச் சதுர ஓட்டை வழியா காலி ஹாலைப் பார்க்கிறார். மெஷின் இல்லை, நாற்காலி இல்லை, திரை கிழிஞ்சு தொங்குது. 2 நிமிஷம் 10 விநாடி. அவர் ஒண்ணுமே பண்ணலை. நண்பன் கட் சொல்லலை.

மொத்தம் 13 நிமிஷம் வந்திருந்தது. அனுப்ப வேண்டிய கடைசி நாள் ராத்திரி அவன் வேதாரண்யத்துல, அக்கா நிச்சயதார்த்தம். போன் போட்டேன், எடுக்கலை. ரெண்டாவது தடவை போட்டேனான்னு கேட்டா, போடலை. அதுதான் உண்மை. அந்த 2:10-ஐ 11 விநாடி ஆக்கினேன். இன்னும் சில இடத்துல குறைச்சேன், சோகமா ஒரு பியானோ போட்டேன். 9 நிமிஷம் 56 விநாடி. ராத்திரி 11:40-க்கு அப்லோட்.

ஆறுதல் பரிசு கிடைச்சது. அவன் படத்தை முதல்ல பார்த்தது போட்டி நடந்த ஆடிட்டோரியத்துலதான். வெளியே வந்து, "நல்லாருக்குடா" அப்படின்னான். அதுக்கப்புறம் ஒரு மாசம் என்கூட மெஸ்ஸுக்கு வரலை.

ஒரிஜினலைத் திரும்ப எடிட் பண்ணித் தரலாம்னு நினைச்சேன். அப்போதான் ஞாபகம் வந்தது. டிபார்ட்மெண்ட் சிம்போசியத்தை வீடியோ எடுக்க மெமரி கார்டு வேணும்னு நான்தான் ஃபார்மட் பண்ணிக் கொடுத்தேன். லேப்டாப்ல இருந்த காப்பியையும் இடம் இல்லைன்னு அழிச்சிருந்தேன். ஆர்.கே.ஓ-வும் கிடங்குல இடம் இல்லைன்னுதான் அழிச்சாங்க. இதைப் படிச்ச அன்னைக்கு லைப்ரரியில புஸ்தகத்தை மூடிட்டு எழுந்து வந்துட்டேன். திரும்ப எடுக்கலாமான்னா, அதுக்குள்ள தியேட்டரை இடிச்சாச்சு. செட்டியாருக்கு வேணும்னா செட் திரும்பப் போடலாம்.

போன பொங்கல் லீவுல அவன் வீட்டுக்குப் போனேன். வெளியே சம்பா அறுப்பு மெஷின் ஓடிட்டு இருந்தது. தாத்தா திண்ணையில உட்கார்ந்து பழைய கதை சொல்லிட்டு இருந்தார். ஆபரேட்டர்களும் படத்தை வெட்டுவாங்கன்னு அப்போதான் எனக்குத் தெரிஞ்சது.

"முதல் ஆட்டம் முடிஞ்சா தில்லைவிளாகம், இடும்பாவனம் போறவங்களுக்குக் கடைசி பஸ்ஸு. படம் நீளமா இருந்தா பஸ்ஸு போயிடும். ஒரு பாட்டைத் தூக்கிடுவோம் தம்பி. எந்தப் பாட்டுக்கு ஜனம் எந்திரிச்சு பீடி பிடிக்கப் போகுதோ, அந்தப் பாட்டு."

"டைரக்டர் கேட்க மாட்டாரா தாத்தா?"

"அவருக்கு எப்படித் தெரியும்? ஆனா வெட்டினதைச் சுருட்டி, எந்த ரீலு, எந்த இடம்னு சீட்டு எழுதி ஆணியில மாட்டிடுவேன். பொட்டி அடுத்த ஊருக்குப் போறதுக்கு முன்னாடி பிலிம் சிமெண்ட் தடவி, இருந்த இடத்துலயே ஒட்டிடணும். ஒரு அடி குறைஞ்சாலும் கேள்வி வரும்." அப்புறம் என்னைப் பார்த்துச் சாதாரணமா கேட்டார். "என்னை வெச்சு எடுத்ததுல நீயும் வெட்டினியாமே. வெட்டினதை எங்க வெச்சே?"

நண்பன் உள்ள இருந்து டீ எடுத்துட்டு வந்துட்டு இருந்தான். நான் பதில் சொல்லலை.

பாடம்னு கேட்டாங்க, அதனால வேலைக்கு ஆகிற ரெண்டு விஷயம். டைரக்டரும் எடிட்டரும் வேற வேற ஆளா இருந்தா, யாருக்குக் கடைசி முடிவுன்னு ஷூட்டிங்குக்கு முன்னாடியே பேசி வாட்ஸ்அப்ல ஒரு வரியாவது எழுதிக்கோங்க. வெல்ஸ் கதையில எல்லாம் அந்த ஒப்பந்த வரியிலதான் தொடங்குது. ரெண்டாவது, எடுத்ததை அழிக்காதீங்க, என்ன மாத்தணும்னு நினைக்கிறீங்களோ அதை எழுதி வையுங்க. 1958-ல யுனிவர்சல் ஸ்டூடியோ வெல்ஸோட 'டச் ஆஃப் ஈவில்' படத்தையும் மாத்தினாங்க. இந்தத் தடவை அவர் 58 பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார், எந்த இடத்துல எந்தச் சத்தம், எந்த ஷாட்டுக்குப் பிறகு எதுன்னு. யாரும் முழுசா கேட்கலை. 1985-ல இறந்துட்டார். 1998-ல வால்ட்டர் மர்ச்சுங்கிற எடிட்டர் அந்தக் குறிப்பைப் பிடிச்சு, இருந்த பிலிமை வெச்சு, படத்தை அவர் கேட்ட மாதிரி சேர்த்தார். 40 வருஷம் கழிச்சு. பிலிம் இருந்தது, குறிப்பு இருந்தது, அதனால முடிஞ்சது. ஆம்பர்சன்ஸுக்கு அது முடியாது. ஹார்ட் டிஸ்க் விலை எல்லாம் தெரியும், எனக்கும் கஷ்டம்தான். டிபார்ட்மெண்ட்ல நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கலாம்.

பொங்கல் முடிஞ்சு ஹாஸ்டல் வந்த பிறகு, என் பழைய போனை விக்கலாம்னு ஃபைல்களைப் பார்த்துட்டு இருந்தேன். ஷூட்டிங் அன்னைக்குக் கேமரா மைக் சரியில்லைன்னு சத்தத்தை அந்தப் போன்ல தனியா பதிவு பண்ணியிருந்தோம். அது எனக்குச் சுத்தமா மறந்து போச்சு. 2 நிமிஷம் 10 விநாடியும் அப்படியே இருந்தது. முதல்ல தாத்தா செருப்புச் சத்தம். அப்புறம் புறா. ரொம்ப நேரம் ஒண்ணும் இல்லை. தூரத்துல ரயில் ஹார்ன். 1:40-ல அவர் தொண்டையைச் செருமறார், ஏதோ பேசப் போற மாதிரி. பேசலை. எடிட் பண்றப்போ இதை நான் ஒரு தடவை கூட முழுசா கேட்டிருக்கலை.

நண்பனுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழிச்சு ரூமுக்கு வந்தான், லேப்டாப்போட. அந்த இடத்துல திரையைக் கறுப்பா விட்டு, சத்தத்தை மட்டும் முழுசா ஓட விடப் போறானாம். பியானோ எடுத்தாச்சு. படம் இப்போ 12 நிமிஷம் வருது, எந்தப் போட்டிக்கும் அனுப்ப முடியாது. எடிட் அவன்தான் பண்றான். நான் பக்கத்துல உட்கார்ந்து, அவன் வெட்டிப் போடற ஒவ்வொரு துண்டுக்கும் எந்த ஷாட், எந்த இடம்னு பேர் எழுதி, தனி ஃபோல்டர்ல போட்டுட்டு இருக்கேன். ஃபோல்டருக்கு 'ஆணி'ன்னு அவன்தான் பேர் வெச்சான்.